டிஸ்க்குக்கு மாறிய பிறகு முன்சக்கரம் பிடிக்கிறது

கேள்வி: என்னுடையது 1957 எம்ஜிஏ 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன்சக்கர டிரம்களை எடுத்துவிட்டு எம்ஜிஏ 1600-இன் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினேன். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் பகுதி) பழையதுதான். சிறிது தூரம் ஓடியதும் முன்சக்கரங்கள் இறுகிச் சூடாகின்றன. பெடலும் பஞ்சு போல அமுங்குகிறது. ஏன்?

பதில்: 1959-இல் வந்த 1600-இன் பிரேக்கையே தேர்ந்தெடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் காரின் குணம் கெடாது.

என் முதல் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர்மேல்தான். டிரம்முக்கான சிலிண்டர்கள் பலவற்றில், குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு உண்டு. டிரம்மில் ஷூவை (டிரம்மின் உட்பக்கத்தில் உரசும் கட்டையை) பின்னால் இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது; டிஸ்க்கில் இல்லை. எனவே பேட் (டிஸ்க்கை அழுத்தும் கட்டை) உரசிக்கொண்டே இருக்கும்.

ஊகத்தில் எதையும் வாங்காதீர்கள். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் இறுகியிருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரின் பைப் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். (பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும், துணி வையுங்கள்.) சக்கரம் விடுபட்டால் அந்த வால்வோ, புஷ்ராடில் (பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியில்) இடைவெளி இல்லாததோ காரணம். விடுபடாவிட்டால் காலிபரில் (பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் பகுதியில்) உள்ள நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் திருகை, திறங்கள். அப்போது விட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் காலிபர் பிஸ்டனே சிக்கியிருக்கிறது.

பெடலுக்கு: நிப்பிள் காலிபரின் மேல்பக்கம் இருக்கிறதா? கீழே இருந்தால் இடது, வலது காலிபர்கள் மாறிவிட்டன. உள்ளே சிக்கிய காற்று ஒருபோதும் வெளியேறாது; பெடல் பஞ்சு போல அமுங்குவது அதனால்தான்.

இது சரியாகும்வரை தயவுசெய்து காரை வெளியே எடுக்காதீர்கள்.