ஜோக்கர் வேஷத்தைக் கண்டால் வரும் பயத்தை வளர்ந்த பிறகும் போக்க முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: வயது முப்பதை நெருங்குகிறது, ஜோக்கர் வேஷம் கட்டியவர் கிட்டே வந்தால் கை நடுங்கி வியர்க்கிறது, அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து, மண்டபத்துக்கு ஜோக்கர் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் நீங்கதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சபை நடுவில் உட்கார வேண்டிய ஆள் நீங்க, எழுந்து ஓட முடியாது. வீட்டில் சொன்னால் "இத்தனை பெரிய ஆம்பள, பபூனப் பாத்துப் பயப்படறியாக்கும்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு மாதம் நல்ல அவகாசம், வேலையைத் தொடங்குங்க.

பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை சுலபம். மனிதரின் எண்ணத்தை நாம் படிப்பது கண்ணோரச் சுருக்கத்திலும் உதட்டின் அசைவிலும். ஜோக்கர் ஒப்பனை சரியாக அந்த இரண்டையும் மூடிவிடுகிறது. சிவப்பு மையில் வரைந்த சிரிப்பு அப்படியே நிற்கும், அதற்குள் இருக்கும் நிஜ வாய் கோபமாக இருந்தாலும் தெரியாது. போதாததற்கு, அந்த ஆள் அடுத்து என்ன செய்வார் என்று சொல்ல முடியாது: முதுகில் தட்டலாம், தண்ணீர் பீய்ச்சலாம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்று 2023ல் வெளியிட்ட ஆய்விலும், ஒப்பனையால் உணர்ச்சியைப் படிக்க முடியாததே முக்கியக் காரணங்களில் ஒன்றாக வந்தது. ஜோக்கரிடம் நேரில் கெட்ட அனுபவம் பட்டதால் பயம் வந்தது என்பது அவ்வளவு பெரிய காரணமாக வரவில்லை. ஆகவே 'சின்ன வயதில் என்ன நடந்தது' என்று தோண்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

"எங்க காலத்துல கூத்துக் கோமாளியப் பாத்து எவன் பயந்தான்" என்று ஒருவர் கட்டாயம் கீழே எழுதுவார். ஏனுங்க, நோம்பிக்குக் கூத்து வந்தால் சாயங்காலமே பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவதையும், பாதி முகம் வெள்ளையாக இருக்கும்போதே அந்த ஆள் பீடி பிடிப்பதையும் பார்க்கும். வெறும் முகம் வேஷ முகமாக மாறுவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அதில் மர்மம் ஏது? இன்றைக்கு மண்டபத்தில் கதவைத் திறந்ததும் முழு வேஷத்தில் ஒருவர் நேராக மேலே வந்து விழுகிறார். கீழே சொல்லப்போகும் சிகிச்சை முறை, அந்தத் திரைக்குப் பின்னால் நடந்ததைத்தான் ஒழுங்குபடுத்திச் செய்கிறது.

1924லேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற மூன்று வயதுப் பையனுக்கு, பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். அடிப்படை இன்றும் அதுதான்.

ஒரு நோட்டில் படிகளை எழுதுங்க, எட்டிலிருந்து பத்துப் படி போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மார்க் போடுங்க. 20, 30 வருவதில் தொடங்க வேண்டும், 80ல் அல்ல. பென்சிலில் ஒரு முகம் வரைந்து, அதற்கு நீங்களே சிவப்பு மூக்கு வைப்பது முதல் படி. பிறகு கருப்பு வெள்ளைப் படம், கலர் படம், சத்தம் இல்லாத வீடியோ, சத்தத்தோடு வீடியோ. வீடியோவில், வெறும் முகத்திலிருந்து ஒப்பனை முடியும் வரை காட்டுவதாகத் தேடி எடுங்க, அதற்குத்தான் பலன் அதிகம். பேய் ஜோக்கர் துணுக்குகள் வேண்டாம், அவை பயமுறுத்தவென்றே எடுத்தவை.

அதற்கு மேல் வீட்டுக்குள்ளேயே செய்ய ஒரு நல்ல படி இருக்கிறது. ஃபேன்ஸி ஸ்டோரில் சிவப்பு ஸ்பாஞ்ச் மூக்கும் முகத்துக்குப் பூசும் வெள்ளை, சிவப்புக் கலரும் வாங்குங்க. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் கூடவே கூடாது. முதல் நாள் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்க. மறுநாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பாதி முகத்துக்கு மட்டும் பூசி, மூக்கை மாட்டி, முறைத்துப் பாருங்க, சிரித்துப் பாருங்க. பூசாத பாதியில் கோபம் தெரியும், பூசிய பாதியில் தெரியாது. மேலே சொன்ன காரணம் இப்போது உங்கள் முகத்திலேயே தெரியும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். அடுத்த நாள் தங்கச்சியையோ மச்சானையோ உங்கள் கண் முன்னால் பூசிக்கொள்ளச் சொல்லிப் பேசிக்கொண்டிருங்க. பழகிய குரல் வேஷத்துக்குள்ளிருந்து வரும்.

வெளியே வந்தால், கடை வாசலில் பொம்மை வேஷம் கட்டி நிற்பவரை ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது, பிறகு பத்தடிக்குள் போவது, பிறகு கை கொடுப்பது. சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தால் இன்னும் நல்லது: முதலில் கேலரிக் கடைசி வரிசை, இன்னொரு நாள் முன் நாற்காலி. அங்கே ஜோக்கர்களாக இருப்பவர்களில் உயரம் குறைந்தவர்களும் உண்டு. உங்களுக்குப் பயம் ஒப்பனை மேல், மனிதர் மேல் அல்ல. அவரைக் கண்டு முகம் சுளிப்பது வேறு விஷயம், அதற்குப் பயம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

எல்லாப் படிக்கும் விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பக் கூடாது. 60ல் தொடங்கினால் 30க்கு இறங்கும் வரை அங்கேயே இருங்க. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது நிமிடத்தில் இறங்கும். உச்சத்தில் ஓடினால் 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று மூளை பதிவு செய்துகொள்ளும், அடுத்த முறை பயம் கூடுதலாக வரும். நண்பர்கள் இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினால் காரியம் கெடுவதும் இதனால்தான். எப்போது, எவ்வளவு கிட்டே என்பதை நீங்க மட்டும் தீர்மானிக்க வேண்டும். வாரத்தில் நாலைந்து நாள் செய்யுங்க. ஒரே படி இரண்டு மூன்று முறை லேசாக வந்த பிறகு மேலே ஏறுங்க.

நிறையப் பேருக்குப் பலிக்காமல் போவது, பயத்தை நேராகச் சந்திக்காமல் நழுவ உதவும் கள்ளத் துணைகளால். பார்ப்பதுபோல் நின்று செல்போனை நோண்டுவது, கூலிங் கிளாஸ், ஜோக்கரின் ஷூவை மட்டும் பார்ப்பது. ஒரு கட்டிங் போட்டுவிட்டுப் போவதும் இதில் சேர்த்தி. அன்றைக்கு மட்டும் என்று, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடாதீங்க, பழகுகிற வேலையையே அது மழுங்கடிக்கும் (டாக்டர் எழுதித் தினமும் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது). மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, சண்டைக்கு வராதீங்க. கயிறு இருந்தால்தான் போவேன் என்ற நிலை வந்தால் அதுவும் கள்ளத் துணைதான் என்கிறேன். இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், காதுகுத்தில் உங்களைவிட அதிகம் அழப்போவது அவர்கள்தான். இரண்டு மூன்று வயதில் வேஷத்துக்குப் பயப்படுவது இயல்பு, பெரும்பாலும் தானாகப் போய்விடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேட்டில் ஜோக்கர் பயத்துக்குத் தனிப் பெயர் கிடையாது. குறிப்பிட்ட பொருள் மீதான பயங்களில் 'பிற' என்ற வகையில், குழந்தைகளுக்கு எடுத்துக்காட்டாகப் பெருஞ்சத்தத்தையும் வேஷம் கட்டியவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்கிறது. நம் மண்டபங்கள் இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றுகின்றன. சபையில் உட்கார்ந்து சொந்தக்காரரிடம் 'சௌக்கியமுங்களா' என்று கேட்கக்கூட முடியாத அளவுக்கு ஆளுயர ஸ்பீக்கர்கள் எதற்கு? சீர் வரிசை வைத்த தாய்மாமன் பேரை மைக்கில் சொன்னால் அவருக்கே கேட்பதில்லை. கேட்டால் "பேக்கேஜில் வருதுங்க" என்பார்கள். அழும் குழந்தையை ஜோக்கர் மடியில் திணித்து "சிரி கண்ணு" என்கிற போட்டோகிராபரும் அதே பேக்கேஜ்தான்.

ஏற்பாட்டாளரிடம் இப்போதே பேசுங்க: ரப்பர் முகமூடி வேண்டாம், ஒப்பனை மட்டும், பின்னாலிருந்து வரக் கூடாது, பலூன் வெடிக்கக் கூடாது, காது குத்தும்போது மேடைக்கு வரக் கூடாது. வேஷம் கட்டுபவர் ஒப்பனை போடும் நேரம் கேட்டு, அந்த அறைக்கு நீங்களே போய்ப் பேசிக்கொண்டிருந்தால் உங்கள் கடைசிப் படியும் முடிந்தது.

ஆறு மாதத்துக்கு மேலாக இந்தப் பயத்தால் விசேஷங்களுக்கே போகாமல் இருக்கிறீர்கள் என்றால், அல்லது படம் பார்க்கும் படிக்கே பயம் 90 வருகிறது என்றால், தனியாகச் செய்ய வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போனால், "படிப்படியாக நேரில் பழக்கும் பயிற்சி தருவீங்களா" என்று போனிலேயே கேளுங்க. லார்ஸ் யோரன் ஊஸ்ட் என்ற ஸ்வீடன் உளவியலாளரின் முறையில், அதிகபட்சம் மூன்று மணி நேரம் போகும் ஒரே அமர்வில் இதைச் செய்பவர்களும் உண்டு. பேச்சு மட்டும்தான் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்க.