படகு ஃபெண்டருக்குத் தின்னர் வேண்டாம்

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் விடுதிக் குளத்தில் ஆறு துடுப்புப் படகுகள் ஓடுகின்றன. படகு துறையில் இடிக்காமல் இருக்கத் தொங்கவிட்டிருக்கும் வெள்ளை ஃபெண்டர்கள் கறுத்துப் பிசுபிசுக்கின்றன. தின்னர் போட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிறது. ஆனால் இரண்டு வாரத்தில் முன்பைவிட மோசமாக ஒட்டுகிறது. புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்காது. முதல் வேலையாகத் தின்னரை நிறுத்துங்கள்.

வெள்ளை ஃபெண்டர்கள் பெரும்பாலும் பிவிசி. அது விறைக்காமல் வளைந்து கொடுப்பதற்காக உள்ளே பிளாஸ்டிசைசர் என்னும் எண்ணெய்ப்பசையான பொருளைச் சேர்த்திருப்பார்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவானாலும் அழுக்கோடு சேர்த்து மேல்தோலையும் கரைத்துவிடும். அன்றைக்குப் பளிச்சென்று தெரிவது அதனால்தான். அப்புறம் உள்ளேயிருக்கும் பசை மேலே கசியும், காற்றிலிருக்கும் தூசியெல்லாம் அதில் ஒட்டும். நீங்கள் மறுபடி தின்னரை எடுப்பீர்கள். இப்படியே போனால் நல்ல ஃபெண்டரும் கெட்டுவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். மலையில் வெயில் சுடாததால் பலர் இதைக் கவனிப்பதில்லை. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் ஏறக்குறைய 2100 மீட்டரில் இருக்கிறது. படகு ஓடாத நாளில் ஃபெண்டரைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

சரி, கழுவும் முறைக்கு வருவோம். முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மணலைப் போக்குங்கள். இதை விட்டுவிட்டுத் தேய்த்தால் மணலே உப்புத்தாள் மாதிரி அறுக்கும். பிறகு ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி கலந்து மெத்தென்ற பிரஷால் தேயுங்கள். கம்பி நார் வேண்டாம். போகாத கறைக்கு ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மூடுபனிக் காலத்தில் படியும் பச்சைப் பாசி சோப்புக்கே போய்விடும். நன்றாக அலசி நிழலில் காயவையுங்கள். தயவுசெய்து குளத்துக்குள் வைத்துக் கழுவாதீர்கள், சோப்புத் தண்ணீர் குளத்தில் இறங்கக் கூடாது. கரையை விட்டுத் தள்ளி, புல்தரையில் செய்யுங்கள்.

காய்ந்த பிறகு ஒரு செய்தித்தாள் துண்டை அழுத்தி எடுத்துப் பாருங்கள். தாள் சுத்தமாக வந்தால் ஃபெண்டர் பிழைத்தது. கிழிந்து ஒட்டிக்கொண்டால் அந்தப் பிசுபிசுப்பு இனிப் போகாது. அதற்குத் துணியுறை போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். ஆனால் இந்த ஈரத்தில் உறை சீக்கிரம் காயாது, கழற்றிக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தள்ளிவிட்டுப் பழைய டயரைக் கட்டலாமா என்று தோன்றும். மலிவுதான், ஆனால் ஃபைபர் படகில் கறுப்புக் கோடு இழுக்கும், உள்ளே மழைநீர் தேங்கிக் கொசு வளரும். கட்டியே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு ஓட்டை போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஃபெண்டருக்குள் அடைத்திருக்கும் காற்று. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலையேறும்போது உப்பிவிடுகிறதே, ஃபெண்டருக்கும் அதே கதிதான். கடல்மட்டத்தைவிடக் கொடைக்கானலில் காற்றழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே அளவு) குறைவு. இந்த வகை ஃபெண்டருக்கு உள்ளே தேவைப்படுவதே பொதுவாக 2 பிஎஸ்ஐ அளவுதான். ஆகவே கீழே நிரப்பி எடுத்து வந்தால் கல்லாக இறுகித் தையலோரம் பிளக்கக்கூடும். மலைக்கு வந்த பிறகே நிரப்புங்கள், அதுவும் விடியற்குளிரில் வேண்டாம், வெயில் ஏறியதும் விறைத்துவிடும். நடுப்பகலில் நிரப்பி, கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்குகிற அளவில் நிறுத்துங்கள்.

கையோடு கயிற்றையும் பாருங்கள். ஃபெண்டரின் கண்ணுக்குள், அதாவது கயிறு கோக்கும் ஓட்டைக்குள், உரசுகிற இடத்தில் முடிச்சை அவிழ்த்து உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இழைகள் அறுந்து பஞ்சாக நின்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.