மத்தியதரைக் கடல் நாடுகளில் ஈரப் பாறையில் படரும் இந்தச் செடி பாசியா? கோடையில் சிவந்துபோனால் செத்துவிட்டது என்று பொருளா?

பாசி அல்ல, செத்தும் போகவில்லை. நீங்கள் அனுப்பிய படம், போர்ச்சுகலின் சிந்த்ரா மலைப் பாதையில், வடக்கு பார்த்த மண்சுவரில் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் செடி செலாஜினெல்லா டென்டிகுலேட்டா. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-லேயே பெயரிட்ட செடி. அவர் லைக்கோபோடியம் பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள்.

பாசி என்று நினைப்பதில் தப்பில்லை, உயரம் அவ்வளவுதான். ஆனால் கைலென்ஸை வைத்து ஒரு கிளையை மட்டும் பாருங்கள். இலைகள் நான்கு வரிசை. இரண்டு வரிசை பெரியவை, பக்கவாட்டில் விரிந்திருக்கும். இரண்டு வரிசை சிறியவை, தண்டின் முதுகில் ஒட்டிப் படுத்திருக்கும். இலையோரம் முழுக்க நுண்ணிய பற்கள். தண்டுக்குள் நீர் கடத்தும் குழாய்த் திசு உண்டு. பாசிகளில் அப்படி முறையான குழாய்த் திசு கிடையாது. நிலக்கரிக் காலத்தில் 30 மீட்டருக்கு மேல் வளர்ந்த லெபிடோடென்ட்ரான் மரங்கள் இதன் தூரத்து உறவு.

எனக்கு இதில் பிடித்ததே வித்து விஷயம்தான் (வித்து என்றால் விதை அல்ல, ஸ்போர் எனும் இனப்பெருக்கத் துகள்). கிளை நுனியில் இலைக் கக்கத்தைப் பிரித்தால் இரண்டு வகைப் பைகள் தெரியும். ஒன்றில் பொதுவாக நான்கே பெருவித்துகள். உள்ளே இருப்பது தெரியும்படி பை புடைத்திருக்கும். மற்றதில் தூசி போல ஏராளமான நுண்வித்துகள். பெண் பாகம் பெருவித்தின் சுவருக்குள்ளேயே, சேமித்த உணவைத் தின்று வளர்கிறது. விதை என்ற நிலைக்கு ஒரு படி குறைவாக நிற்கும் ஏற்பாடு இது. ஆனாலும் ஆண் அணு நீந்தித்தான் முட்டையை அடைய வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலமாவது தேவை. ஆகவேதான் நிழலும் ஈரமும் உள்ள இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் பக்கம் மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில். வறட்சியில் செடி செம்பழுப்பாகும், மழை வந்ததும் பச்சைத் தளிர் விடும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இந்தியச் சந்தைகளில் சஞ்சீவி என்று விற்கும், நீர் பட்டால் விரியும் காய்ந்த செடியும் இதே பேரினம்தான்: செலாஜினெல்லா பிரையோப்டெரிஸ். மருத்துவ மகிமை பற்றி விற்பவர் சொல்வதையெல்லாம் நான் நம்புவதில்லை.

நாற்றுப் பண்ணையில் கிடைப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கா, அசோர்ஸ் தீவுகளைச் சேர்ந்த இன்னொரு இனம், செலாஜினெல்லா க்ரவுசியானா. அதன் தண்டில் மூட்டு மூட்டாக இருக்கும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.