அங்கியைத் தொட்ட கைகள்: நாடக சிகிச்சை பற்றிக் கேள்வி பதில்

'ப்ரொசெஷன்' ஆவணப்படத்தைப் பற்றி நான் நாலு வரி எழுதப் போக, கேள்விகள் குவிந்துவிட்டன. படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021இல் வந்த படம், இயக்கம் ராபர்ட் கிரீன். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி வட்டாரத்தில், சிறுவயதில் கத்தோலிக்கக் குருக்களின் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆறு ஆண்கள், ஒரு நாடக சிகிச்சையாளரின் துணையோடு தங்கள் நினைவுகளைத் தாங்களே காட்சிகளாக எழுதிப் படமாக்குகிறார்கள். நான் நாடக சிகிச்சைத் துறையில் வேலை செய்கிறவன். கேளுங்கள்.

உளவியல் மாணவி: நடந்ததையே மறுபடி நடித்தால் காயம் இன்னும் ஆழமாகத்தானே ஆகும்?

ஆகும். நடந்ததை நடந்தபடியே நடித்தால் கட்டாயம் ஆகும். அதனால்தான் நாங்கள் அப்படிச் செய்வதில்லை.

இந்தத் துறையில் ராபர்ட் லேண்டி என்பவர் தொலைவு பற்றி நிறையப் பேசினார். நினைவுக்கு ரொம்பப் பக்கத்தில் போனால் ஆள் மூழ்கிவிடுவார். ரொம்பத் தள்ளி நின்றால் யாருக்கோ நடந்ததுபோல மரத்துப்போய்ச் சொல்வார். அழவும் முடிகிற, அழும்போதே யோசிக்கவும் முடிகிற ஓர் இடம் நடுவில் இருக்கிறது. ஒருவரை அங்கே நிறுத்தத்தான் எங்களுக்கு நாடகம்.

என் குழுவில் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் பீடச்சிறுவனாக, அதாவது பூசையில் குருவுக்கு உதவும் பையனாக, இருந்தவர். ஒரு நாற்காலியும், அதன் முதுகில் போட்ட ஒரு வெள்ளை அங்கியும் மட்டும்தான் எங்கள் மேடை. முதல் வாரம் நாற்காலியைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் தள்ளச் சொன்னார். மூன்றாவது வாரம் முழுக்க ஒரே விவாதம்: கதவு திறந்திருக்க வேண்டுமா, சாத்தியிருக்க வேண்டுமா? நான் பேசியது ஒரே வரி: "நீங்க சொல்லுங்க, நான் நகர்த்துறேன்." கடைசியில் முக்கால்வாசி திறந்திருக்கட்டும் என்றார். ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது இவ்வளவுதான். ஆனால் அன்று கதவைச் சாத்தலாமா என்று அந்தப் பையனை யாரும் கேட்கவில்லை. இன்று அவர் சொல்லாமல் அது அசையாது.

படத்திலும் இதைப் பார்க்கலாம். ஒருவர் தனக்கு அது நடந்த ஏரிக்கரை வீட்டைத் தேடி அலைகிறார். இன்னொருவர் தன் புகாரைக் கேட்ட திருச்சபை ஆய்வுக் குழுவின் கூட்டத்தையே செட் போட்டு, அங்கே கத்தித் தீர்க்கிறார். ஆறு பேருக்கும் ஒரே மருந்து கொடுக்கவில்லை.

இது ஹிப்னாடிசம் மாதிரியா?

இல்லை. முழு விழிப்போடு செய்வது.

எத்தனை அமர்வில் குணமாகும்?

எண்ணிக்கை சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

கல்லூரி நாடகக் குழுவில் இருப்பவர்: என் நண்பருக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. நானும் அவரும் சேர்ந்து மொபைலில் ஒரு குறும்படமாக எடுக்கலாம் என்று இருக்கிறோம். செய்யலாமா?

வேண்டாம். உங்கள் மனசு நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் காட்சி நடுவில் அவர் உறைந்துபோய் நின்றால் என்ன செய்வீர்கள்? வேஷம் கட்டுவது எளிது, கலைப்பதில்தான் எங்கள் வேலையே இருக்கிறது. அமர்வு முடிந்ததும் அங்கியைக் கழற்றி அவர் கையாலேயே பெட்டியில் வைக்கச் சொல்வோம். தன் பெயர், இன்றைய தேதி, இப்போது தன் வயது என்ன என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்வோம். "இது வெறும் நாற்காலி" என்று நாற்காலியைத் தட்டிச் சொல்லவைப்போம். பார்க்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இதைச் செய்யாமல் அனுப்பினால் அவர் அந்த அறையையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுபோவார். முதலில் பயிற்சி பெற்ற ஒருவரைத் தேடுங்கள்.

பேசித் தீர்க்கலாமே, நாடகம் எதற்கு?

பேச முடிந்தவர்கள் பேசலாம், நல்லதுதான். ஆனால் இந்த வன்முறை நடந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பூசை உடுப்பு, தூபம், மணி, மண்டியிடுவது, பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தட்டியின் பின்னால் ஒரு குரல். எல்லாமே உடல் கற்றுக்கொண்டவை. ஐம்பது வயதில் சாம்பிராணி வாசம் பட்டதும் வயிறு புரட்டுகிறது என்கிறவரிடம் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவது? கடவுளின் பெயரால் உடுத்திய உடுப்பு அது. அதை ஒரு கதாபாத்திரத்தின் உடையாக மாற்றி, தொட்டுப் பார்த்து, மடித்து வைக்கிறபோது உடலுக்கும் ஏதோ புரிகிறது. பேச்சு சிகிச்சையை விடச் சொல்லவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் அதையும் தொடர்கிறார்கள்.

நாடகம் ஆரம்பித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

குறும்பட இயக்குநர்: எனக்கு இது சுரண்டலாகத்தான் படுகிறது. 2018இல் ஒரு வக்கீலும் பாதிக்கப்பட்டவர்களும் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பைப் பார்த்து இயக்குநர் கிளம்புகிறார். பேர் அவருக்கு, வலி அவர்களுக்கு. போதாததற்கு ஒரு சின்னப் பையனை வேறு நடிக்க வைத்திருக்கிறார்கள்.

பேர் அவருக்கு மட்டும் இல்லை. ஆக்கியவர்கள் என்று போடும் இடத்தில் அந்த ஆறு பேரின் பெயரும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பையன் அவர்களின் காட்சிகளில் அவர்களுடைய சிறுவயது உருவமாக நிற்கிறான். வன்முறையை எங்குமே நடித்துக் காட்டவில்லை. காட்சி அதற்கு முன்பே நின்றுவிடும். அவன் பெற்றோரும் விஷயம் தெரிந்தே உடன் இருந்தார்கள்.

அதே இயக்குநர்: கேமராவுக்கு முன்னால் யாரும் "நிறுத்து" என்று சொல்ல மாட்டார்கள். நான் செட்டில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

உங்கள் செட்டில் சிகிச்சையாளர் இருந்தாரா? இங்கே இருந்தார். அதுவும் ஓரமாகக் கைகட்டி நிற்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார்.

ஆனால் சரி, உங்கள் பேச்சில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். கேமராவுக்கு உச்சக்காட்சி வேண்டும். சிகிச்சைக்கு அது வேண்டாம். நான் மேலே சொன்ன கதவு விவாதத்தை எடிட்டிங்கில் எத்தனை நொடி வைத்திருப்பீர்கள்? இன்னொன்றும் உண்டு. சிகிச்சை அறையில் இன்று சொன்னதை அவர் அடுத்த மாதம் மாற்றிச் சொல்லலாம், மனிதர் மாறிக்கொண்டே இருக்கிறார். வெளியான படம் மாறாது. அதனால் யார் என்னிடம் படம் எடுக்க வந்தாலும், எடுத்த பிறகு போட்டுப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன். அதற்குச் சம்மதித்தவர்கள் குறைவு.

செவிலியர் ஒருவர்: இடையில் வருகிறேன், மன்னிக்கவும். பாதிக்கப்பட்டவரே குருவாக நடிப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது சரியா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆறு பேரில் ஒருவருக்கு வழக்கு நடந்துகொண்டிருந்ததால் தன் காட்சியை எடுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக மற்றவர்களின் காட்சிகளில் நடித்துக்கொடுக்கிறார், அங்கி போட்டு குருவாகவும். முதலில் எனக்கும் உறுத்தியது. பிறகு பார்த்தால், அந்த வேஷத்தை வேறு யார் போட்டாலும் எதிரில் நிற்பவருக்கு நடுக்கம்தான். "கட்" சொன்னதும் அங்கியைக் கழற்றிவிட்டு வந்து தோளில் கைபோடுகிறவர், அதே நரகத்தைப் பார்த்தவர். அந்தக் கை வேறு கை. ஆனாலும் யாரையும் அந்த வேஷத்துக்குத் தள்ளக் கூடாது. தானாக முன்வந்தால் மட்டும். முடிந்ததும் கலைக்க வேண்டும்.

குறும்பட இயக்குநர்: கடைசியாக ஒன்று. இது சிகிச்சையா, கலையா?

சிகிச்சையாளர் முடிவெடுக்கிற நேரத்தில் சிகிச்சை, எடிட்டர் முடிவெடுக்கிற நேரத்தில் கலை. நீங்களும் நானும் தனியாக உட்கார்ந்து இரவு முழுக்கச் சண்டை போடலாம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் திருச்சபையைக் கேவலப்படுத்தத்தானே? ஏதோ ஒன்றிரண்டு பேர் செய்த தப்பு.

2018 ஆகஸ்டில் வெளியான, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில கிராண்ட் ஜூரி (குற்றங்களை விசாரிக்கும் குடிமக்கள் குழு) அறிக்கை ஒரே மாநிலத்தில் 300க்கு மேற்பட்ட குருக்களையும், அடையாளம் காணப்பட்ட 1000க்கு மேற்பட்ட குழந்தைகளையும் சொல்கிறது. 2021இல் பிரான்சில் கத்தோலிக்க ஆயர்களே (பிஷப்புகளே) கேட்டு அமைத்த சுதந்திரக் குழு, 1950க்குப் பிறகு குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்ட சிறாரை ஏறத்தாழ 2,16,000 என்று மதிப்பிட்டது. என் குழுவில் இன்றும் திருப்பலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், ஒன்றிரண்டு என்று.

நானும் என் தங்கையும் வீட்டிலேயே நடித்துப் பார்க்கலாமா?

மேலே நாடகக் குழுக்காரருக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

வழக்கு போட்டிருக்கிறேன். அதற்கு நடுவில் இதில் சேரலாமா?

முதலில் வக்கீலைக் கேளுங்கள், பிறகு சிகிச்சையாளரை. நீங்கள் எழுதும் காட்சியில் சட்டையின் நிறம் மாறியிருக்கலாம், ஆட்கள் கூடியிருக்கலாம். சிகிச்சைக்கு அது சரி. எதிர்த்தரப்பு கையில் கிடைத்தால் உங்கள் வாக்குமூலத்தையே கதை என்பார்கள்.

நானும் நண்பர்களும் மொபைலில் எடுக்கலாம் என்று…

மூன்றாவது முறை. ஐயா, அம்மா, யாராக இருந்தாலும் மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மொபைலில் எடுக்கிறீர்களா, பெரிய கேமராவில் எடுக்கிறீர்களா என்பதா பிரச்சினை?

உளவியல் மாணவி: அந்தப் பீடச்சிறுவன், நாற்காலிக்காரர், என்ன ஆனார்? அந்த அங்கி?

அவர் வருவதை நிறுத்திக்கொண்டார், போதும் என்று சொல்லிவிட்டுத்தான். அங்கி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. போன மாதம் வேறு ஒரு குழுவில் ஒருவர் சமையல்காரராக நடிக்க ஏதாவது வெள்ளையாக வேண்டும் என்று துழாவி அதை எடுத்தார். கை நீளம் என்று முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்.