இடப்பெயர்வு நூல்கள் ஒரே அலமாரியில் இருக்காது

மக்களின் இடப்பெயர்வையும் வட்டார அரசியலையும் பற்றிப் புதிதாக வந்த நூல்களை நூலகப் பட்டியலில் தேடினால் பறவைகளும் கணினித் தரவும்தான் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். 'மைக்ரேஷன்' என்று மட்டும் தேடினால் அப்படித்தான் வரும். ஆங்கில நூல்களுக்குப் பல பட்டியல்களில் 'எமிக்ரேஷன் அண்ட் இமிக்ரேஷன்' (Emigration and immigration) என்பதே பொருள் தலைப்பு, அதாவது நூல் எதைப் பற்றியது என்று பட்டியலில் குறிக்கும் சொல். அதை ஆங்கில எழுத்தில் போட்டு, ஆண்டு வாரியாக அடுக்குங்கள்.

அப்புறம், டியூயி முறை நூலகம் (பொருள் வாரியாக எண் கொடுத்து நூல்களை அடுக்குவது) என்றால் ஒரே அலமாரியோடு திரும்பிவிடாதீர்கள். மக்கள் இடம்பெயர்வது 304.8, நாடு விட்டு நாடு போவது 325, குடியேறிய தொழிலாளர்கள் 331.6, ஒரு வட்டாரத்தின் அரசியல் நிலவரம் 320.9. நீங்கள் கேட்கும் வட்டார அரசியல் பெரும்பாலும் இந்தக் கடைசி எண்ணில்தான் இருக்கும். பலர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

பட்டியலில் 'செயலாக்கத்தில்' என்றிருந்தால் நூல் பெரும்பாலும் வந்திருக்கும், இன்னும் அலமாரி ஏறவில்லை, அவ்வளவுதான். நூலகரிடம் கேளுங்கள், பல இடங்களில் முன்னுரிமை தந்து எடுத்துக் கொடுப்பார்கள்.