மூன்றிலும் எக்ஸ்எல் டேக், ஒன்றுதான் சேர்கிறது: கடைக்காரர் மேல் கேஸ் போடலாமா?

கேள்வி: திருச்சி பக்கம் ஒரு சிறிய ஊரில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். டவுனில் ஒரு துணிக்கடையில் ஒரே பிராண்டில் மூன்று குர்தி எடுத்தேன், மூன்றிலும் எக்ஸ்எல் என்றுதான் டேக் இருக்கிறது. பண்டிகைக் கூட்டம் என்று ட்ரையல் ரூமைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் நீலம் சரியாக இருக்கிறது, மெரூன் தோளுக்குக் கீழே இறங்கவே இல்லை, பச்சை தொளதொளவென்று தொங்குகிறது. மறுநாள் பில்லோடு போனால் "ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி வரும் மேடம், நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படவோ மாற்றித் தரப்படவோ மாட்டாது" என்று இருக்கிறது. மொத்தம் 2,550 ரூபாய். இது போதாதென்று ஆன்லைனில் வாங்கிய சுடிதார் செட்டில் டாப் சரி, பேண்ட் இடுப்பு ஏறவில்லை. "சைஸ் நீங்கள் தேர்ந்தெடுத்தது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பதில் வந்தது. எக்ஸ்எல் என்றால் இத்தனை இஞ்ச் என்று சட்டமே கிடையாதா? இதற்கெல்லாம் கேஸ் போட முடியுமா?

பதில்: போட முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே போட்டால் தோற்றுப் போக வாய்ப்பு அதிகம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கெட்ட செய்தி. எக்ஸ்எல் என்றால் மார்பு இத்தனை, இடுப்பு இத்தனை என்று எல்லாத் துணிக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்துகிற சட்டம் நம் நாட்டில் இல்லை. ஒரு பிராண்டின் எக்ஸ்எல் 42 இஞ்சாகவும் இன்னொன்றின் எக்ஸ்எல் 44 இஞ்சாகவும் இருந்தால் அது தவறு ஆகாது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இருக்கும், ஆடை வடிவமைப்பு சொல்லித் தரும் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்று ஓர் ஆய்வைக் கையில் எடுத்தது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து நம் உடலமைப்புக்கென்று ஓர் அளவு அட்டவணை தயாரிப்பதுதான் திட்டம். இவ்வளவு காலம் வெளிநாட்டு அட்டவணைகளை வாங்கி அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் மாற்றித்தான் பல கம்பெனிகள் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. நல்ல முயற்சிதான், ஆனால் அது ஓர் ஆய்வு. அதைக் காட்டிக் கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது.

ஆகவே "எக்ஸ்எல் வாங்கினேன், எனக்குச் சேரவில்லை" என்ற ஒற்றை வரியோடு நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "உங்கள் உடம்பு எக்ஸ்எல் என்று யார் சொன்னது?" என்று கேட்பார். கேட்கவே எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

அதனால் உங்கள் உடம்பை இந்த வழக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம். துணியை அளங்கள். டேக்கில் என்ன எழுதியிருக்கிறது, துணி உண்மையில் எவ்வளவு இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கேஸ்.

இப்போது டேக்கை எடுத்துப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளில் 2022-ல் ஒரு திருத்தம் வந்தது. பாக்கெட்டில் அடைக்காமல் ஹேங்கரில் தொங்கவிட்டு விற்கிற ரெடிமேட் துணிகளுக்குப் பல விவரங்களிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டு, சிலவற்றை மட்டும் கட்டாயமாக வைத்துக்கொண்டார்கள். அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் அல்லது பிராண்டுக்காரரின் பெயர், முழு முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், இவற்றோடு முக்கியமாக அளவு. அந்த அளவு வெறும் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நின்றுவிடக் கூடாது, கூடவே சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ எவ்வளவு என்றும் இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள், எத்தனை குர்தியில் சென்டிமீட்டர் இருக்கிறது என்று தெரியும். ஆண்கள் சட்டையில் காலரில் 40, 42 என்று எண்ணே போட்டுவிடுகிறார்கள், பேண்டுக்கு இடுப்பு அளவைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பெண்கள் துணிக்கு மட்டும் ஓர் எழுத்து போதும் என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டேக்கில் சென்டிமீட்டர் இருந்தால் உங்கள் வேலை சுலபம். குர்தியைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் இஞ்ச் டேப் வைத்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள். ஓர் எச்சரிக்கை: சில கம்பெனிகள் போடுவது துணியின் அளவு, சில கம்பெனிகள் போடுவது அந்தத் துணி எந்த உடம்புக்குப் பொருந்தும் என்கிற அளவு. இரண்டாவது வகையில் துணி அதைவிட இரண்டு மூன்று இஞ்ச் கூடுதலாக இருக்கும், லூஸ் விட்டுத் தைப்பது என்று நம்ம ஊர் தையல்காரர் சொல்வாரே, அதுதான். எந்த வகை என்று பார்க்காமல் "நாலு இஞ்ச் வித்தியாசம்" என்று நோட்டீஸ் அனுப்பினால் அவர்கள் சிரித்துக்கொண்டே பதில் எழுதுவார்கள். பிராண்டின் இணையதளத்தில் அளவு அட்டவணை இருந்தால் அதையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

டேக்கில் எக்ஸ்எல் என்ற எழுத்து மட்டும்தான் இருக்கிறதா? அப்போதும் விட வேண்டியதில்லை. உங்களிடம் மிகப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது, அது அந்த நீலக் குர்தி. ஒரே பிராண்டு, டேக்கில் ஒரே அளவு, அளந்து பார்த்தால் மூன்றும் மூன்று விதம். வேறு வேறு கம்பெனிகளின் எக்ஸ்எல்லை ஒப்பிட்டிருந்தால் வழக்கு பலவீனம், ஒரே கம்பெனி தன் டேக்கோடு தானே ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? மூன்று டேக்கிலும் மாடல் எண் இருக்கும், பாருங்கள். ஒன்று 'ஸ்லிம் ஃபிட்', இன்னொன்று 'ரிலாக்ஸ்டு' என்று வேறு வேறு கட் ஆக இருந்தால் அந்தச் சமாதானம் கிடைத்துவிடும். ஒரே மாடல், நிறம் மட்டும்தான் வேறு என்றால் நீங்கள் பாதி ஜெயித்தமாதிரிதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, டேக்கும் டேப்பும் ஒரே ஃப்ரேமில் தெரியும்படி வெட்டாமல் ஒரு வீடியோ எடுங்கள்.

கடைக்காரர் சொன்ன "ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி வரும்" என்பதை அவர் தப்பிக்கச் சொன்னதாக நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. டேக்கில் இருக்கும் அளவை நம்ப முடியாது என்று தெரிந்தேதான் விற்கிறேன் என்று அவரே சொல்கிறார். கடைக்கு வாட்ஸ்அப் எண் இருந்தால், கோபமில்லாமல், "லாட் மாறினால் எக்ஸ்எல்லின் அளவும் மாறும் என்று நேற்றுச் சொன்னீர்களே, அதை எழுத்தில் சொல்ல முடியுமா" என்று கேட்டு வையுங்கள். பல பேர் யோசிக்காமல் பதில் போட்டுவிடுவார்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 2(10) 'குறைபாடு' என்றால் என்ன என்று சொல்கிறது. சட்டம் கேட்கும் தரத்திலோ, ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரத்திலோ, விற்பவர் எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட தரத்திலோ குறை இருந்தால் அது குறைபாடுதான். 'எந்த வகையிலாவது சொல்லிக்கொண்ட' என்பதற்குள் டேக்கும் வரும், அளவு அட்டவணையும் வரும். பிரிவு 2(47)-ல் முறையற்ற வணிக நடவடிக்கைகளின் பட்டியல் இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதில் ஒன்று. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் தர வேண்டும், பில்லில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள். இதற்கும் பழைய 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 15 ஏற்கனவே சொல்கிறது, ஒரு விவரத்தைச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று. ஒரு லிட்டர் என்று எழுதி முக்கால் லிட்டர் எண்ணெய் விற்றால் சும்மா இருப்போமா?

பில்லின் அடியில் இருக்கும் அந்த வரி. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். 'திரும்பப் பெறப்படவே மாட்டாது' என்பது ஒரு கால அளவே இல்லை, எனவே 30 நாள் கணக்குத்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் வாதமாக இருக்கும். இப்படி அச்சிடுவதே தவறு என்று பக்கத்துக் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் கடுமையாகவே சொல்லியிருக்கிறது, வேறு பல ஆணையங்களின் உத்தரவுகளும் இதே திசையில்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இந்தப் பாதுகாப்பு குறையுள்ள பொருளுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் நிறம் பிடிக்கவில்லை, அக்கா நன்றாக இல்லை என்று சொன்னாள் என்றால் கடைக்காரர் மாற்றித் தருவது அவருடைய பெருந்தன்மை, உங்கள் உரிமை இல்லை.

ட்ரையல் ரூம் விஷயத்தையும் மறக்காமல் புகாரில் எழுதுங்கள். "போட்டுப் பார்த்து வாங்கியிருக்கலாமே" என்பதுதான் அவர்களுடைய முதல் பதிலாக இருக்கும். போட்டுப் பார்க்க இடமிருந்தும் நீங்கள் பார்க்கவில்லை என்றால் அந்தக் கேள்வி உங்களைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும். அவர்களே பூட்டிவிட்டார்கள் என்றால் டேக்கை நம்புவதைத் தவிர உங்களுக்கு வழி இருந்ததா? கூட வந்தவர் யாராவது இருந்தால் அவர் ஒரு பிரமாண வாக்குமூலம் தரலாம்.

ஆன்லைன் செட்டுக்கு வருகிறேன். சட்டப்படி பார்த்தால் அங்கே உங்கள் நிலை இன்னும் வலு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் விதி 6, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லை என்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்த அளவு அட்டவணையில் பேண்ட் இடுப்பு எவ்வளவு, கையில் வந்த பேண்டின் இடுப்பு எவ்வளவு? எலாஸ்டிக் என்றால் இழுக்காமலும் ஒரு தடவை, இழுத்தும் ஒரு தடவை அளங்கள். வித்தியாசம் இருந்தால் "நீங்கள் தேர்ந்தெடுத்த சைஸ்" என்ற பதில் நிற்காது, ஏனென்றால் அவர்கள் காட்டிய அட்டவணையைப் பார்த்துத்தான் நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். அட்டவணைப்படியே பேண்ட் இருந்தால் மன்னிக்கவும், அவர்களுடைய ரிட்டர்ன் பாலிசியில் இடமிருந்தால் மட்டும்தான் வழி. இன்னொரு விஷயம், பாக்கெட்டில் வரும் செட்டில் ஒவ்வொரு துணியும் வேறு அளவு என்றால் ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று பொட்டலப் பொருட்கள் விதியே சொல்கிறது. டாப்புக்கு மட்டும் அளவு போட்டுவிட்டு பேண்டுக்கு 'அதே சைஸ்' என்று விடுவது சரியில்லை. அந்தத் தளத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்பாட்டோடு சண்டை போடாமல் நேராக அந்த அலுவலருக்கே மெயில் அனுப்புங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இரண்டையும் தனித்தனிப் புகாராகப் பதியுங்கள். பெரிய ஆன்லைன் நிறுவனங்கள் பல நேரம் இங்கேயே இறங்கி வந்துவிடும். உள்ளூர்க் கடை அசையாது, அதற்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், கடைக்கு ஒன்று, டேக்கில் இருக்கும் பிராண்டு முகவரிக்கு ஒன்று, பதினைந்து நாள் கெடு. வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று இல்லை, நீங்களே எழுதலாம், 2,550 ரூபாய்க்கு வக்கீலுக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்காதீர்கள் (நானும் வக்கீல்தான், வக்கீல் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை). டேக்கில் சென்டிமீட்டரோ முகவரியோ இல்லை என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குத் தனியாக ஒரு புகார் கொடுங்கள், எடையளவு விதிகளைப் பார்ப்பது அவர்கள்தான். அங்கிருந்து உங்களுக்குப் பணம் வராது, ஆனால் ஆய்வாளர் கடைக்குள் வந்து டேக்கைப் புரட்டினால் முதலாளியின் பேச்சு மாறும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். காலக்கெடு இரண்டு வருடம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். கடையையும் பிராண்டையும் இருவரையுமே எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள், இல்லையென்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டிக்கொண்டே இருப்பார். கேட்பது நியாயமாக இருக்கட்டும்: சேராத இரண்டு குர்தியின் விலை, அலைச்சலுக்குச் சில ஆயிரம், வழக்குச் செலவு, 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைப் பில்லில் அச்சிடுவதை நிறுத்தச் சொல்லி ஓர் உத்தரவு. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் புகாரின் மரியாதையே போய்விடும்.

அதுவரை மெரூனையும் பச்சையையும் துவைக்க வேண்டாம், டேக்கை வெட்ட வேண்டாம், "உள்ளே துணி விட்டிருக்கு, பிரிச்சுத் தந்துடறேன்" என்று உங்கள் தையல்காரர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். நீலத்தைப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகலாம்தான், ஆனால் அளந்து வீடியோ எடுத்த பிறகு.