அடிபட்ட கார்பன் ஃபைபர் பானெட்: வாங்குபவர்களும் விற்பவர்களும் கேட்டவை

கேள்வி (வேளச்சேரி): அண்ணா, போலோ காருக்கு ஒரு கார்பன் பானெட் விலைக்கு வந்திருக்கு. "லேசான டேமேஜ்தான், பெரிசா ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றார். நேர்ல பார்க்கப் போறேன். எதைப் பார்க்கணும்?

பதில்: போனதும் பானெட்டைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். மேலே பளபளக்கும் தோலைப் பார்த்து விலை பேசாதீர்கள். பாரம் தாங்குவது அடியில் ஒட்டியிருக்கும் சட்டம். அடி எங்கே பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம், எவ்வளவு பெரியது என்பது அதற்கு அடுத்ததுதான்.

முதலில் லாட்ச் கொக்கி மாட்டும் இடம். போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தாலோ, வட்டத் துளை முட்டை வடிவமாக இழுபட்டிருந்தாலோ பணத்தைக் கையில் எடுக்காதீர்கள். வேகமாகப் போகும்போது காற்று பானெட்டை மேலே தூக்கும். கொக்கி பிய்ந்தால் பானெட் நேராகக் கண்ணாடியில் வந்து அறையும். கீல் துளைகளுக்கும் இதே கணக்கு.

அடுத்து, தோலும் சட்டமும் ஒட்டும் கோடு. ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். முனகல் சத்தம் வந்தாலோ, அழுத்தும்போது இடைவெளி திறந்து மூடினாலோ பசை விட்டிருக்கிறது. சின்ன நீளம் என்றால் மறுபடி ஒட்டலாம். ஒரு பக்கம் முழுவதும் விட்டிருந்தால் பானெட் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கும், காரில் வைத்தால் விளிம்பு இடைவெளி ஒரு பக்கம் விரிந்து நிற்கும்.

பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு தட்டுங்கள். நல்ல இடம் "டிக்" என்று கூர்மையாகப் பேசும். உள்ளே கார்பன் துணி அடுக்குகள் பிரிந்த இடம் "தொப்" என்று மங்கும். சட்டம் ஓடும் இடத்தில் சத்தம் இயல்பாகவே மாறும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடப்பக்கம் தட்டிய அதே புள்ளியை வலப்பக்கமும் தட்டி ஒப்பிடுங்கள். மங்கும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் குறித்து வந்தால் சேதத்தின் எல்லை தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.

முன் மூலையில் இரண்டு அங்குல விரிசல், கல் தெறித்த புள்ளி, கிளியர் கோட்டில் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) கீறல்: இவை தைரியமாக வாங்கக்கூடிய சேதங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): சார், இது ஒரிஜினல் கார்பன்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கிளாஸ் ஃபைபர் மேல ஸ்டிக்கர் ஒட்டியும் விக்கிறாங்களே?

பதில்: மூன்று வகை நடமாடுகிறது. முழுக்கக் கார்பன்; மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன், அடியில் கிளாஸ் ஃபைபர்; வெறும் கிளாஸ் ஃபைபரின் மேல் ஸ்டிக்கர் அல்லது தண்ணீரில் மிதக்கும் படத்தில் முக்கி எடுத்த அச்சு. நடு வகை ஏமாற்று இல்லை. கடைகளில் வரும் பானெட்டுகளில் பல அந்த வகைதான். ஆனால் அதை முழுக் கார்பன் விலைக்கு விற்பது தவறு.

கையில் ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். கார்பன் இழை மின்சாரம் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. மேல் பூச்சு கடத்தாது என்பதால் முனைகளை இழை வெளியே தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். கீல் துளையின் உள்விளிம்போ, விரிசலின் வாயோ சரியான இடம். மேல் அடுக்கில் ரீடிங் காட்டி, அதே துளையின் அடிப்பக்கம் காட்டாவிட்டால் அது நடு வகை. கறுப்புப் பெயின்ட் அடித்து அடிப்பக்கத்தை மறைத்திருந்தாலும் இந்தச் சோதனையில் குட்டு வெளிப்படும்.

அச்சு வேலை என்றால் மேலே தெரியும் நெசவுக் கோலம் வளைவுகளில் இழுபட்டு மங்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆழம் தெரியாது.

கேள்வி (புதுப்பேட்டை): விலை எப்படிப் போடுறது? இங்க ஸ்டீல் பானெட்னா கண்ணால பார்த்தே சொல்லிடுவோம்.

பதில்: ஸ்டீல் வளைந்தால் டிங்கர் தட்டி நிமிர்த்திவிடுவார். கார்பன் வளையாது, உடையும். அதனால் சரிசெய்யும் செலவிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். அதே பானெட் புதிதாக உங்கள் கைக்கு வர 80,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். விரிசல் வேலைக்கு 12,000, முழு கிளியர் கோட்டுக்கு 9,000, போக்குவரத்துக்கு 4,000 என்றால் மிச்சம் 55,000. அதிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்காகப் புது விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 15,000 கழியுங்கள். 40,000-க்கு மேல் போகாதீர்கள். பட்டறையில் போட்டோ காட்டி வாங்கிய செலவு மதிப்பீட்டை நம்ப வேண்டாம். தட்டிப் பார்த்துக் குறித்த டேப்போடு காட்டினால்தான் சரியான தொகை வரும்.

நெசவு வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, கார் நிறத்தில் பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெயின்ட் அடிப்பதென்றால் ஒட்டு தெரியாது, செலவு குறையும். நெசவு தெரிய வேண்டும் என்றால் மேல்பக்கம் ஒட்டிய இடம் எத்தனை நல்ல கைக்காரர் செய்தாலும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

கேள்வி (அம்பத்தூர்): முன் ஓரத்துல 5 செ.மீ. விரிசல். நானே சரிபண்ணலாம்னு இருக்கேன். முறை சொல்லுங்க.

பதில்: செய்யலாம், அவசரப்படாமல் செய்தால்.

முதலில் பாதுகாப்பு. கார்பன் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், தோலில் அரிக்கும், மின்சாரம் கடத்துவதால் கிரைண்டருக்குள் போனால் ஷார்ட் ஆகும். நல்ல துகள் தடுப்பு மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். தேய்க்கும்போது வேக்குவம் கிளீனர் பக்கத்தில் ஓட வேண்டும்.

வேலை அடிப்பக்கத்திலிருந்துதான். மேலே விரிசலின் இரு வாயும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி மெழுகு தடவிய தகட்டை வைத்து கிளாம்ப் போடுங்கள். மட்டம் தப்பினால் பிறகு எத்தனை தேய்த்தாலும் படி தெரியும். அடியில் 80 எண் உப்புத்தாளால் பெயின்ட்டையும் உடைந்த இழையையும் எடுத்து, விரிசலிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவு கொடுங்கள். 2 மி.மீ. தடிமனுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 மி.மீ. சரிவு. செங்குத்தாக வெட்டி நிரப்பினால் அந்த விளிம்பிலேயே மறுபடி உடையும், ஏனென்றால் பாரம் புது இழைக்குள் மெல்லக் கடக்க இடம் இல்லை.

அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் கறுப்பு வராத வரை துடையுங்கள். 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ட்வில் நெசவுக் கார்பன் துணியில் மூன்று துண்டு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட எல்லாப் பக்கமும் 12 முதல் 15 மி.மீ. பெரிது. இழையின் திசை பழைய நெசவோடு சேர வேண்டும்.

துணியை ஒட்ட எபாக்ஸி ரெசின்தான் போட வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் பழைய எபாக்ஸி மேல் சரியாகப் பிடிக்காது. கையால் தடவும்போது துணியின் எடைக்குச் சமமான எடை ரெசின் போதும். ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கண்மதிப்பில் ஊற்றாமல் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி தராசில் நிறுங்கள். கலந்ததை டம்ளரிலேயே வைத்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும், அகலமான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். மேலே பீல் பிளை (இறுகியதும் உரித்தெடுக்கும் துணி), அதன் மேல் வேக்குவம் பை (காற்றை உறிஞ்சி அடுக்குகளை அழுத்தும் பிளாஸ்டிக் உறை). பை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தாள் விரித்து மணல் மூட்டை வைக்கலாம். பலம் கொஞ்சம் குறையும், ஓர விரிசலுக்குப் போதும்.

ஒரு நாள் விட்ட பிறகு, ரெசினோடு வரும் விவரத் தாளில் சொன்னபடி சூட்டில் வையுங்கள். பெரும்பாலான எபாக்ஸிகளுக்கு 60 டிகிரி அளவில் சில மணி நேரம். நம் ஊரில் பலர் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் கறுப்புப் பானெட் 70 டிகிரியைத் தாண்டும். அதுவரை சூடு காணாத ரெசின் அப்போது இளகி, ஒட்டிய இடத்தின் வடிவம் மேலே புடைத்துத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக்காற்றில் எபாக்ஸி மேல் மெழுகு போல் ஒரு பிசுக்குப் படியும். அசிட்டோனுக்கு அது சரியாகப் போகாது, வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்காட்ச்பிரைட்டும் போட்டுத் தேய்க்க வேண்டும். போக்காமல் அடுத்த பூச்சு அடித்தால் உரிந்து வரும். வேறு வழியில்லை என்றால் ஏ.சி. அறையில் செய்யுங்கள்.

லாட்ச், கீல் பக்க விரிசலுக்கு இந்த முறையை நம்பி ரோட்டில் இறங்காதீர்கள்.

கேள்வி (பெரம்பூர்): எங்க ஏரியா டிங்கரிங் பட்டறையில பட்டி பார்த்து முடிச்சுடலாம்னு சொல்றாங்க. சரிவருமா?

பதில்: வராது. பட்டி பள்ளத்தை நிரப்பும், இழையைச் சேர்க்காது. எஞ்சின் அதிர்விலும் சூட்டிலும் அதே கோட்டில் விரிசல் திரும்ப வரும். ஏற்கெனவே பட்டி பார்த்த பானெட் விலைக்கு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால், விரிசலோடு இருப்பதைவிடக் குறைவாகவே மதிப்பிடுங்கள்.

கேள்வி (பெசன்ட் நகர்): பானெட்ல விரிசல் இல்ல, ஆனா மஞ்சளாகி மேல் பூச்சு உரியுது. போல்ட்டைச் சுத்தி வெள்ளையா பூத்திருக்கு. வாங்கலாமா?

பதில்: மஞ்சள் என்பது வெயிலில் எபாக்ஸியும் மட்டமான கிளியர் கோட்டும் படும் பாடு. இழைக்குச் சேதம் இல்லை என்றால் பேரம் பேச நல்ல வாய்ப்பு. வாட்டர் பேப்பர் 400-இல் பழைய பூச்சை எடுங்கள். தண்ணீர் வெள்ளையாக வரும் வரை தேய்வது கிளியர் கோட். கறுப்பாக வர ஆரம்பித்தால் கார்பனைத் தொட்டுவிட்டீர்கள், அந்த இடத்தில் உடனே நிறுத்துங்கள். பிறகு 800-இல் ஒரு சுற்று, மேலே புற ஊதாத் தடுப்புள்ள 2கே பி.யு. (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்) கிளியர் மூன்று கோட். நன்றாகக் காய்ந்ததும் 1500, 2000, 3000 எண் தாள்களால் தேய்த்து, கடைசியில் பாலிஷ் காம்பவுண்ட்.

வெள்ளைப் பூப்பு வேறு விஷயம். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் இருந்தால் அலுமினியம் அரிக்கும், கார்பன் அப்படியே இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். காற்றில் இது வேகமாக நடக்கும். அலுமினிய வாஷர், ரிவெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள். துளையின் உள்விளிம்பில் எபாக்ஸி தடவி, நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். கழற்றிய பிறகு துளை வட்டமாகவே இருந்தால் வாங்கலாம்.

கேள்வி (போரூர்): வாங்கி மாட்டியாச்சு. ஸ்டாக் கேஸ் ஸ்ட்ரட் அப்படியே இருக்கலாமா?

பதில்: வேண்டாம். திறந்த பானெட்டைத் தாங்கிப் பிடிக்கும் அந்த வாயுத் தண்டின் விசை, கனமான ஸ்டீல் பானெட்டுக்கு அளந்து வைத்தது. லேசான கார்பன் பானெட்டை மூடி வைத்திருக்கும் நேரமெல்லாம் அது மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பானெட் வில் போல வளையும், நாளடைவில் கீல் துளை விரியும். குறைந்த நியூட்டன் ஸ்ட்ரட்டோ வெறும் கம்பியோ போதும்.

லாட்ச் இருந்தாலும் முன்பக்கம் இரண்டு பானெட் பின் (பானெட்டை மேலிருந்து பூட்டும் ஊசி) போடுங்கள். துளை போடும் இடத்தில் டேப் ஒட்டி, அடியில் மரக்கட்டை வைத்து, கார்பைடு டிரில்லால் அழுத்தாமல் போட வேண்டும். அழுத்தினால் அடிப்பக்க இழை பிய்ந்து வரும்.

கேள்வி (தாம்பரம்): நான் விக்கிற பக்கம். சேதத்தை எவ்வளவு சொல்லணும்? எல்லாம் சொன்னா விலை போகாதே.

பதில்: எல்லாம் சொல்லுங்கள். சொன்ன சேதத்துக்கு ஒரு முறைதான் விலை குறையும். மறைத்தது பிறகு தெரிந்தால் பேரம் முறியும், போக வரச் செலவும் உங்கள் தலையில்.

போட்டோ எட்டு வேண்டும்: மேல், அடி, நான்கு மூலை, லாட்ச் இடம், கீல் துளைகள். விரிசல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மேடு பள்ளம் தெரியும். நாணயத்தால் தட்டும் சத்தத்தை ஒரு வீடியோவாகப் போட்டுவிட்டால் பாதிக் கேள்விகள் வராது. எடை எழுதுங்கள், எந்த மாடல், எந்த வருடக் காருக்கு என்பதையும் எழுதுங்கள். ஃபேஸ்லிஃப்டுக்கு (அதே மாடலின் முகப்பை மாற்றும் புதுப்பிப்பு) முன், பின் என்று விளிம்பு மாறும் கார்கள் உண்டு.

"சின்ன டேமேஜ்" என்று எழுதாமல் "வலது முன் மூலையில் 5 செ.மீ. விரிசல், லாட்ச் நன்றாக இருக்கிறது" என்று எழுதுங்கள். ரேஸ் காருக்குப் பெயின்ட் அடித்து ஓட்டப்போகிறவர்களுக்கு ஓர விரிசல் பெரிய விஷயமே இல்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போகிற கூட்டத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): கோயம்புத்தூருக்கு அனுப்பணும். கூரியர்ல போடலாமா?

பதில்: முதலில் கணக்குப் பாருங்கள். பெட்டி 150 × 130 × 25 செ.மீ. என்றால், மூன்றையும் பெருக்கி, கூரியரில் வழக்கமாக வகுக்கும் 5,000-ஆல் வகுத்து, 97.5 கிலோவுக்குப் பணம் கேட்பார்கள், பானெட் எட்டு ஒன்பது கிலோதான் என்றாலும். பார்சல் லாரிதான் கட்டுப்படியாகும்.

ஓரங்களுக்கு குழாய்க்குப் போடும் ஃபோம் உறை, மேலே பபிள் ரேப் இரண்டு சுற்று, வெளியே மரச் சட்டத்தில் பிளைவுட் பெட்டி. பானெட்டைப் படுக்கவைத்தால் மேலே மூட்டை ஏறும், அதனால் நிற்கிற மாதிரி பெட்டி செய்து கீல் பக்கத்தைக் கீழே வையுங்கள். மூலைகள் பெட்டியைத் தொடக் கூடாது, ஆடவும் கூடாது. கட்டும் முன் வாங்குபவருக்கு வீடியோ அனுப்பிவிடுங்கள். லாரி ஆபீசில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் வண்டிக்கு என்ன பொருந்தும் என்பதை மாட்டும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் மாட்டியிருந்தால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல் வரும். கழற்றிய ஸ்டீல் பானெட்டை விற்றுவிடாதீர்கள், காரை விற்கும் நாளில் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும்.